எனக்குக் கல்லெடுப்பு, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி

எல்லாரும் எப்படி இருக்கீங்க? சாப்பாடு செரிக்குதா? கண்ணாடியில கண்ணப் பாத்தீங்களா, வெள்ளையாத்தான இருக்கு? உள்ளங்கை, உள்ளங்கால் ஒண்ணும் அரிக்கலையே? அப்பச் சரி, நல்லாத்தான் இருக்கீங்க. நான் கீரமங்கலம் முத்துமாரியம்மா. எனக்கு இந்த அரிப்பு, மஞ்சக்கண்ணு எல்லாம் கொஞ்ச நாள் முன்னாடி இருந்துச்சு, இப்ப இல்ல. நடுவுல நடந்தது இதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சத்துணவு சமைத்தவள். அந்த உத்தியோகத்தில் பாதி நேரம் அரிசியில் கல் பொறுக்குவதுதான். ‘சரி, சுத்தமாகிவிட்டது’ என்று முறத்தைக் கீழே வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கும். பாதி நாள் அந்தச் சந்தேகம் ஏதாவது ஒரு பிள்ளையின் பல்லில் ‘நறுக்’கென்று மாட்டும். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் இன்னொரு தடவை புடைப்பேன். இதற்கு மேல் எனக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போன மாசி மாதம் விலாவுக்குக் கீழே வலி வந்து துடித்தேன். தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் மகன் எழிலரசன் பத்து நாள் லீவில் ஓடிவந்து, புதுக்கோட்டையில் பூரணம் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பித்தப்பையை ஏழு வருஷத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. இப்போது பித்தம் இறங்குகிற குழாயில் கல் என்றார்கள். ஸ்கேன் படத்தில் டாக்டர் ரகுநாத் பேனாவால் தொட்டுக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நானும் கூடவே எண்ணினேன்.

வாய் வழியாக ஒரு குழாயை விட்டு எடுத்தார்கள். மயக்கத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் விழித்தபோது தலைமாட்டில் ஒரு குட்டி பாட்டில் இருந்தது. அதில் மிளகு மாதிரி கறுப்பாக மூன்று கல்.

மறுநாள் விழா. அந்த ஆஸ்பத்திரியில் ஹாலின் நடுவே ஒரு பித்தளை மணி தொங்குகிறது. கல் விடுதலை மணி என்று பெயர். கல் எடுத்தவர்கள் அதை அடித்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். தர மேலாளர் செம்மல் என்பவர் சென்னையிலிருந்து வந்தவர். ஆஸ்பத்திரியின் தரத்தையும் விளம்பரத்தையும் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். அவர் எனக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்து, கேமராவைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

“சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க பாட்டி. ‘என் உடம்புல ஒரு கல்லுகூட இல்லை. பூரணம் இருக்க பயம் எதுக்கு?’”

“தம்பி, படத்துல நாலு இருந்துச்சே. பாட்டில்ல மூணுதான கெடக்கு?”

“பாட்டி, நாலுங்கிறது மதிப்பீடு. மூணுங்கிறது சாதனை. மணி அடிங்க.”

அடித்தேன். மூன்று கல்லை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த இரண்டு வரியை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கல் முற்றும் நீங்கியதாகச் சான்றிதழும் கொடுத்தார்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு. எழிலரசன் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, மூன்றாம் நாள் விமானம் ஏறினான்.

சரியாக ஆறு வாரம். பிறகு அரிப்பு ஆரம்பித்தது. முதுகில் கை எட்டாத ஒரு இடம் எல்லாருக்கும் உண்டு. அங்கே அரிக்கும்போதுதான் வீட்டில் இன்னொரு ஆள் இல்லை என்பது தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றபோது கொடுத்த நீளக் கரண்டியின் காம்பால் சொறிந்துகொண்டேன். சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போனது. ஒரு மத்தியானம் குளிர்க் காய்ச்சல் தூக்கிப்போட்டது. இரண்டு போர்வையையும் போர்த்திக்கொண்டு, சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தபடி நடுங்கினேன். அதில் கல் இல்லை என்றுதான் இருந்தது.

திங்கள்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனேன். ஹாலில் உட்கார்ந்தால் எதிரே பெரிய டிவியில் நான். மாலையும் கழுத்துமாக, ‘என் உடம்புல ஒரு கல்லுகூட இல்லை’ என்று சிரிக்கிறேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சிரிக்கிறேன். பக்கத்து நாற்காலி அம்மாள் என் மஞ்சள் கண்ணையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அந்தம்மா அச்சு அசல் ஒங்கள மாதிரியே இருக்காங்க.”

“ஆமா. அவங்க நல்லா இருக்காங்க” என்றேன்.

வரவேற்பில் ஹரிணி என்று ஒரு பெண். நம் பக்கத்துப் பிள்ளைதான், இலுப்பூர்.

“அப்பத்தா, கூட யாரு வந்திருக்கா?”

“நான்தான் வந்திருக்கேன்.”

“நீங்க பேஷண்ட். அட்டெண்டர் யாரு?”

“யாரும் இல்ல ஆத்தா.”

“அட்டெண்டர் பேரு போடாம அடுத்த பக்கம் போகாது அப்பத்தா. சிஸ்டம் அப்புடி.” அவள் என்னை விட்டுவிட்டுச் சிஸ்டத்தை இரக்கத்தோடு பார்த்தாள். “சரி, என்ன தொந்தரவு?”

“மிச்சக் கல்லு.”

அவள் கீழே கீழே உருட்டித் தேடினாள். “மிச்சம்னு ஒண்ணு இதுல இல்லையே. புதுக் கல்லு இருக்கு. மத்தவைன்னு இருக்கு. எதப் போட?”

‘மத்தவை’ போட்டாள்.

டாக்டர் ரகுநாத் நல்ல மனுஷர். என் கண்ணைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். “குழாய் வீங்கியிருக்கும்மா. ஒண்ணு உள்ளயே நின்னுருச்சுன்னு நெனைக்கிறேன். சில சமயம் அப்படி ஆகும். கடைசியா சாயத்த விட்டுப் படம் புடிச்சுப் பாப்போம். சின்னதா இருந்தா சாயத்துல மறைஞ்சுரும், இல்ல காத்துக் குமிழின்னு நாங்களே நெனச்சுருவோம். மறுபடி குழாய் விட்டா எடுத்துறலாம். ஆனா காய்ச்சல் வந்திருக்கு. விட்டா ரத்தத்துல சீழ் கலந்துரும். இந்த வாரத்துக்குள்ள எடுத்தாகணும்.”

“எடுங்க சாமி.”

“நான் எடுத்துருவேன். எழுதத்தான் முடியாது.”

பூரணத்தில் இந்த வருஷம் ‘நூற்றுக்கு நூறு ஆண்டு’. ஒரு கல் மிஞ்சினாலும் தொண்ணூற்று ஒன்பது ஆகிவிடும். அதனால் ‘எச்சக்கல்’ என்று ஒரு டாக்டர் எழுத வேண்டுமானால் தர மேலாளரின் அனுமதி வேண்டும். தர மேலாளர் அனுமதிக்க வேண்டுமானால் குழு கூட வேண்டும். அதுவரை ஊசி மருந்து போட்டு என்னைக் கண்காணிப்புப் பிரிவில் படுக்க வைத்தார் டாக்டர். அங்கே அட்டெண்டர் வேண்டியதில்லை. அங்கே கண்காணிக்கவும் யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு குகைக்குள் தள்ளிப் பெரிய படம் எடுத்தார்கள். உள்ளே மண்வெட்டியால் தகரத்தைக் கொத்துகிற சத்தம். ரிப்போர்ட்டில் இப்படி இருந்தது: ‘ஆறு மில்லிமீட்டர் அளவில் கல் போன்ற தோற்றம். நோயாளி ஏற்கெனவே முழுமையாகக் குணமடைந்தவர் என்பதால், தோற்றம் மட்டுமே இருக்கலாம்.’

புதன்கிழமை குழு கூடியது. என்னையும் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் ஓரமாக வைத்தார்கள். நான் பாட்டிலை மேசைமேல் வைத்தேன்.

செம்மல் எழுந்து பேசினார். “நண்பர்களே, எச்சம்ங்கிற வார்த்தை நம்ம பிராண்டுக்கு ஒத்து வராது. காக்கா எச்சம்னு சொல்லுவாங்க. பாட்டி, கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு இருக்கிறது காத்து.”

“காத்துக்கு யாராச்சும் மஞ்சளாவாங்களா தம்பி?”

“அப்ப நிழல்.”

“நெழலு அரிக்குமா?”

“சரி, புதுக் கல்லுன்னு வெச்சுக்கலாம். போன தடவை எடுத்ததுக்கப்புறம் உங்க உடம்பு புதுசா தயாரிச்சிருக்கு. பொறுப்பு உங்க சைடு.”

“பையே ஏழு வருஷத்துக்கு முன்னாடி போயிருச்சு. ஆறே வாரத்துல ஆறு மில்லிமீட்டரு கல்ல நான் எங்க வெச்சுத் தயாரிக்க? அடுப்புலயா?”

டாக்டர் ரகுநாத் இருமினார். செம்மல் என்னை உட்காரச் சொன்னார்; நான் உட்கார்ந்துதான் இருந்தேன். “இந்த நிறுவனத்துல மொத்தம் பதினாலு வகை வெற்றி இருக்கு. தோல்வின்னு ஒரு ஃபைல்கூட கிடையாது. திறந்தா யாராவது அதுல எதையாவது போட்டுருவாங்க. நம்ம நோயாளி குணமாகுறது முக்கியம்தான். ஆனா குணமானவங்க மறுபடி நோயாளியா வர்றது மத்த நோயாளிங்களோட நம்பிக்கையக் கெடுக்குது. இது அவங்களுக்கே புரியணும்.”

எனக்குப் புரிந்தது. நான் வந்திருக்கக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. என் நாலாவது கல்லின் பெயர் ‘நீட்டிக்கப்பட்ட வெற்றி’. வெள்ளிக்கிழமை காலை எடுக்கலாம். அட்டெண்டர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வெற்றியை நீட்டிக்க முடியாது.

அன்று சாயங்காலம் போன் போட்டேன். எழிலரசன், “போன தடவையே லீவ முடிச்சுட்டேன்மா, ஆபரேஷன்னா கம்பெனில விடமாட்டாங்க. சித்தப்பாவக் கேளு” என்றான். என் கொழுந்தன் சோலையப்பன் பொன்னமராவதியில் இருக்கிறார். “மதினி, வெள்ளிக்கிழமதான் வயலுக்கு அறுப்பு மிஷினு வருது. விட்டா அங்கிட்டு ஓட்டிட்டுப் போயிருவான். அடுத்த வாரம்னா வாரேன்” என்றார். நாத்தனார் செவந்தி, “ஐயோ மதினி, எனக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது, ஒனக்கே தெரியும்” என்றாள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

யாரையும் குறை சொல்லவில்லை. அறுப்பு மிஷின் நிற்காது என்பது உண்மைதான்.

இதற்கு நடுவே ஆஸ்பத்திரி தன் வேலையைச் செய்தது. முதல் தடவை சேர்த்தபோது பத்து உறவினர்களின் போன் நம்பர் கேட்டிருந்தார்கள். எழிலரசன் எழுதிக் கொடுத்திருந்தான். புதன் ராத்திரியே அந்தப் பத்துப் பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போயிருக்கிறது. நடுவில் மாலை போட்ட என் போட்டோ. பக்கத்தில் ஆஸ்பத்திரியின் சின்னமான விளக்குச் சுடர். கீழே:

‘பூரணம் அடைந்த நம் அன்பிற்குரிய
திருமதி முத்துமாரியம்மாள் (வயது 67) அவர்களின்
கல் எடுப்பு நிகழ்வு
வெள்ளிக்கிழமை காலை 8 மணி.
உறவினர்கள் தவறாது வருகை தரவும்.’

செம்மல் சென்னைக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் அவர் பேரில் ஒரு கல்லை ஊன்றி, தண்ணீர் வைத்து, காரியத்தன்று அந்தக் கல்லை எடுத்துத் தண்ணீரில் போடுவோம். அதற்குத்தான் கல்லெடுப்பு என்று பெயர். அது அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கும் அந்தப் படம் வியாழக்கிழமை எழிலரசன் போன் பண்ணிய பிறகுதான் தெரியும்.

“சொல்லுப்பா” என்றேன்.

மூச்சுமட்டும் கேட்டது. பிறகு, “அம்மா?” என்றான்.

“ஆமாடா, நான்தான். சொல்லு.”

அவன் ஓ என்று அழுதான். வளர்ந்து மீசை வைத்த பிறகு அவன் அழுது நான் கேட்டதில்லை. விஷயத்தைச் சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

“அந்தப் படத்தப் பாத்துட்டு லீவு குடுத்துட்டாங்கம்மா. ஏழு நாளு. டிக்கெட்டும் கம்பெனியே போட்டுட்டான்.”

“வாய்யா அப்ப! நாளைக்கு வந்தா சரியா இருக்கும்.”

“எப்படிம்மா வாரது?” அவன் குரல் இறங்கியது. “திரும்பி வாரப்ப டெத் சர்டிபிகேட் குடுக்கணும். நீ... இருக்கியேம்மா.”

“ஆமா” என்றேன்.

“சரிம்மா. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் நான் போன் பண்ணி, தப்பா வந்துருச்சுன்னு சொல்லிர்றேன்.”

எதிர்க் கட்டிலில் ஒருத்திக்கு அவள் மருமகள் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்லாத” என்றேன். “வரட்டும்.”

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கையெழுத்துதான்.

வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்கு இரண்டு வேன் வந்து நின்றது. இருபத்தாறு பேர். சோலையப்பன் தலையில் துண்டு, கையில் வாழைப்பழச் சீப்பு. செவந்தி படையலுக்குப் புதுச் சேலை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஹாலுக்குள் நுழைந்த அதே நேரத்தில் டிவியில் நான் வந்தேன்.

“ஐயோ எங்க மதினீ!” செவந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஒத்தையில கெடந்து போயிட்டியே! ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளில்லாமப் போயிட்டியே!”

‘பூரணம் இருக்க பயம் எதுக்கு?’ என்றேன் டிவியில். பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஒவ்வொருவராக எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

நான் கையில் ஊசியோடு சக்கர நாற்காலியில் தூணோரம் இருந்தேன். கேட்கக் கேட்க எனக்கே அழுகை வந்தது. உண்மையில் ரொம்ப நன்றாக அழுதாள் செவந்தி. நிறுத்த மனசில்லை. ஆனாலும் எட்டு மணி ஆகிவிட்டதே.

“செவந்தி” என்றேன்.

அவள் திரும்பினாள். வாய் திறந்தது திறந்தபடி. “ஏ மதினி! உசுரோடயா இருக்க?”

“ஏன்டி, வருத்தமா?”

“அடிப்பாவி!” என்றாள். முதலில் கட்டிப்பிடித்தாள். பிறகு அடித்தாள். சோலையப்பன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். “என்ன மதினி இது? அறுப்பு மிஷின விட்டுப்புட்டு வந்துருக்கேன். செத்ததச் சொல்லலையே, நேரே கல்லெடுப்புக்குச் சொல்லுறாய்ங்களேன்னு நெனச்சேன். இப்பல்லாம் ஆஸ்பத்திரியிலயே எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துர்றாய்ங்க போலன்னு விட்டுட்டேன்.”

“நானும் கல்லு எடுக்கத்தான் தம்பி கூப்புட்டேன். நீங்கதான் வேற கல்லுன்னு நெனச்சுட்டீங்க. ஒரு கையெழுத்துப் போடணும்.”

“போட்டா தங்கணுமா?”

“ரெண்டு நாளு.”

இருபத்தாறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் வேனுக்குப் போய் எதையோ எடுத்துவரக் கிளம்பினார். இன்னொருவருக்கு மாட்டின் ஞாபகம் வந்தது.

அதற்குள் செம்மல் ஓடிவந்தார். “என்ன சார் இது, ஹால்ல ஒப்பாரி? புது பேஷண்ட் எல்லாம் வெளிய போறாங்க!”

“நீங்கதான கல்லெடுப்புன்னு பத்திரிகை அனுப்புனீங்க?” என்றார் சோலையப்பன்.

“ஆமா, கல் எடுப்புதான். அதுல என்ன தப்பு?”

ஹரிணி எழுந்து அவர் காதில் விளக்கினாள். செம்மலின் முகம் என் கண்ணைவிட மஞ்சளாகியது. “யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க. பாட்டிய உள்ள கொண்டு போங்க. எல்லாரும் கிளம்புங்க. பிளீஸ்!”

செவந்திதான் போட்டாள். என்ன கோபமோ, பேனா தாளைக் கிழித்தது.

உள்ளே டாக்டர் ரகுநாத் இந்த முறை அவசரப்படவில்லையாம். சின்ன பலூனால் குழாயைத் துழாவி, கல்லை எடுத்து, சாயம் விட்டு ஒரு முறை பார்த்து, காற்றை எல்லாம் கழுவிவிட்டு மறுபடி பார்த்து, சந்தேகத்துக்கு இன்னும் ஒரு முறை பார்த்தாராம். நான் புடைக்கிற மாதிரிதான். கண் விழித்ததும் என் உள்ளங்கையில் பாட்டிலை வைத்தார்.

“நீங்க எண்ணுனதுதாம்மா சரி. நாலு.”

ஆஸ்பத்திரிக் கணக்கில் இது தனி வெற்றி. ஒரே ஆளிடம் இரண்டு வெற்றி என்பதால் அந்த மாதம் நூற்றொரு சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள்.

அறைக்கு வந்து பார்த்தேன். யாரும் இல்லை. வேன்காரர் பதினொரு மணிக்கு மேல் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். வாழைப்பழம் இருந்தது. நாற்காலியில் அந்தப் புதுச் சேலை மடித்து வைத்திருந்தது. காரியத்துக்குக் கொண்டுவந்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மயில் கழுத்து நிறம், நல்ல நூல். நான் உயிரோடு இருந்தவரை செவந்தி எனக்கு இப்படி ஒன்று எடுத்துக் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். செவந்தியின் கையெழுத்து தாளோடு சரி, சிஸ்டத்தில் அந்த இடம் காலிதான். ஹாலில் மைக்கில் கூப்பிட்டாள் ஹரிணி. “முத்துமாரியம்மாள் அட்டெண்டர்! முத்துமாரியம்மாள் அட்டெண்டர் யாராவது இருக்கீங்களா?”

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான் கையைத் தூக்கினேன். “இருக்கேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். சிஸ்டத்தைப் பார்த்தாள். அட்டெண்டர் பெயர் என்ற இடத்தில் முத்துமாரியம்மாள் என்று அடித்தாள். உறவு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, ‘தானே’ என்று அடித்தாள். சட்டென்று அடுத்த பக்கம் வந்துவிட்டது.

“ஏன் ஆத்தா, இத திங்கக்கெழமையே அடிச்சிருக்கலாமே?”

“இப்புடி வரும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது அப்பத்தா” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மணி அடிக்கச் சொல்ல அவளுக்கு ஞாபகம் வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பஸ்ஸில் வந்து ஊருக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கிக் குளக்கரைக்குப் போனேன். மயில் கழுத்துச் சேலைதான் கட்டியிருந்தேன். பாட்டிலைத் திறந்து நாலாவது கல்லை எடுத்தேன். நம் வழக்கப்படி எடுத்த கல்லைத் தண்ணீரில் போட வேண்டும். போடுவதற்கு ஒரு சொந்தம் வேண்டும். அந்த இடத்தில்தான் இப்போது என் பெயர் இருக்கிறதே. போட்டேன். சத்தமே கேட்கவில்லை, அவ்வளவு சின்னக் கல். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். அரிப்பு நின்றுவிட்டது. கரண்டியைக் கழுவி அடுப்படியில் மாட்டிவிட்டேன்.

இம்புட்டுத்தான். ஒங்கள்ல யாருக்காச்சும் கல்லு எடுத்திருந்தா, எத்தன இருந்துச்சு, எத்தன குடுத்தாங்க, எண்ணிப் பாத்தீங்களான்னு எழுதுங்க. அந்தத் தாள்ல அட்டெண்டர்னு யாரு பேரு போட்டீங்கன்னும் எழுதுங்க. ஒங்க பேரத்தான் போட்டீங்கன்னாலும் பரவால்ல, அதையும் எழுதுங்க. நான் ஒண்ணு விடாம வாசிப்பேன்.